ஆள் மாறிப் போன நன்றி

உங்கள் விரல் இரண்டைக் கடித்து விழுங்கிய இயந்திரத்தின் முன்னால் நின்று கடவுளுக்கு நன்றி சொல்லச் சொன்னால், சொல்வீர்களா?

சொல்ல மாட்டீர்கள். சூடு சொரணை உள்ள எவரும் சொல்ல மாட்டார்கள். அப்படிச் சொல்லச் சொன்னவன் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். அப்புறம், அந்த இயந்திரத்தை அப்படி ஓட விட்டது யார் என்று கேட்பார்கள். ஆனால் பசை சொன்னாள். ஆலையே கூடி நிற்க, கண்ணை மூடிக்கொண்டு, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அவள் சொல்லி முடித்தபோது எதிரே கைகூப்பி நின்ற முதலாளிக்கு வியர்த்திருந்தது.

பசை என்பது ஆலை அவளுக்கு வைத்த பெயர். அட்டைப் பெட்டி செய்யும் ஆலை அது. அட்டை ஒரு பக்கம் உருளைகளுக்குள் நுழையும், மடிப்புத் தடம் விழும், அடுத்த உருளை அதன் ஓரத்தில் பசை தடவும். அந்த இரண்டாவது உருளைக்கு அட்டையை நேராக்கிக் கொடுப்பது அவள் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தலைமுடியில்கூடப் பசையோடு வீடு திரும்புவாள். அவள் கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறையில் மின்சாரத் தையல் மிஷின் போட்டு, தெருவுக்கெல்லாம் சட்டை தைத்துக் கொடுப்பவர். "நான் பசையுள்ள இடத்துலதான் பொண்ணு எடுத்திருக்கேன், ஆனா எல்லாப் பசையும் தலையிலேயே நின்னுடுது" என்பார் வாடிக்கையாளர்களிடம்.

அவருக்குக் கடவுள் கிடையாது. அவளுக்கு உண்டு. காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் சமையலறைச் சன்னல் பக்கம் திரும்பி நின்று கொஞ்ச நேரம் கண்ணை மூடுவாள். அந்த நேரத்தில் அவர் வேண்டுமென்றே மிஷினை ஓட்டிப் பார்ப்பார். இருபது வருடக் குடும்பத்தில் இது ஒரு சண்டையாகவே மாறவில்லை என்பதுதான் ஆச்சரியம். உண்மையைச் சொன்னால் அவள் பிரார்த்தனையில் சண்டை போட எதுவும் இருந்ததில்லை. அது ஒரு கேட்புப் பட்டியல். முதுகு வலி போக வேண்டும், கூரை ஒழுகக் கூடாது, நாத்தனார் வாய் கொஞ்சம் அடங்க வேண்டும். நாத்தனார் என்றால் தையல்காரரின் தங்கை. புருஷன் சரியில்லை என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள், பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை, வாயை மட்டும் திறந்தபடி வைத்திருக்கிறாள்.

ஆலையிலும் பிரார்த்தனை உண்டு. ஒவ்வொரு ஷிப்ட் தொடங்கும்போதும் எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும். கழுத்தில் விசில் தொங்குவதால் விசில் என்றே பெயர் பெற்ற மேற்பார்வையாளர் முன்னால் நின்று சொல்வார்: "ஆண்டவனே, உற்பத்தி பெருகட்டும்." எல்லாரும் சேர்ந்து, "அப்படியே ஆகட்டும்." "எங்கள் முதலாளி நீடூழி வாழட்டும்." "அப்படியே ஆகட்டும்." "எங்கள் கைகள் சோர்வறியாமல் உழைக்கட்டும்." "அப்படியே ஆகட்டும்." அந்தக் கைகளுக்கு எதுவும் ஆகாமல் இருக்கட்டும் என்று மட்டும் யாரும் வேண்டியதில்லை. வேண்டுதலிலும் லாபம் முதலாளி பக்கமாகத்தான் போயிற்று. பின்வரிசையில் நிற்பவர்களுக்கு என்ன வேண்டுதல் என்றுகூடக் காதில் விழாது. விசில் ஒரு மூச்சு விட்டால் போதும், "அப்படியே ஆகட்டும்" தானாக வந்துவிடும்.

உருளைகளுக்கு மேல் ஒரு கம்பிவலை மூடி உண்டு. அதைத் திறந்தால் இயந்திரம் தானாக நின்றுவிடும். செய்தவன் மனிதன். மனிதக் கை எப்படிப்பட்டது என்று அறிந்து செய்திருக்கிறான். ஆனால் அட்டை சிக்கும்போதெல்லாம் மூடியைத் திறந்து, இயந்திரம் நின்று, மறுபடி ஓடத் தொடங்கினால் வேலை எப்போது முடியும்? பெரிய ஆர்டர் ஒன்று வந்திருந்தது. விசில் மூடியைக் கழற்றி மூலையில் சாய்த்து வைக்கச் சொன்னார். மூடி இல்லாமலேயே ஓடும்படி ஒரு கம்பியைச் சுற்றிக் கட்டினார்கள். அப்படிக் கட்டியதில் அவசரத்துக்கு அழுத்தும் சிவப்புப் பொத்தானும் செத்துப் போனது. முதலாளி அந்தப் பக்கம் நடந்து வந்தார், பார்த்தார், "வேகமா போகுதே, நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மதியம் அட்டையின் மூலை ஒன்று மடங்கி வந்தது. எல்லாரும் செய்வதைத்தான் பசையும் செய்தாள். கையை நீட்டி அதை நிமிர்த்தினாள். உருளை அவள் சுண்டு விரலைப் பிடித்தது, அடுத்து மோதிர விரலை. அவள் கத்தினாள். பக்கத்தில் இருந்தவள் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள், அழுத்தினாள், அழுத்திக்கொண்டே இருந்தாள். உருளை நிற்கவில்லை. உள்ளங்கை உள்ளே போகத் தொடங்கிய அந்த நொடியில் ஆலை முழுக்க விளக்குகள் அணைந்தன. எல்லாம் நின்றது.

"கரண்ட் போச்சு! கரண்ட் போச்சு! கடவுள் காப்பாத்திட்டான்!" என்று இருட்டில் விசில் கத்தினார். மயங்கி விழுமுன் அவள் கேட்ட கடைசிச் சொற்கள் அவை.

இரண்டு விரல்கள் போயின. கை மிஞ்சியது. இன்னும் ஒரு சுற்று சுற்றியிருந்தால் மணிக்கட்டோடு போயிருக்கும் என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வந்த முதல் சில நாட்கள் அவள் சன்னல் பக்கமே போகவில்லை. வலது கை துணிப் பொதியாகக் கிடந்தது. ஜாக்கெட் ஊக்கு மாட்ட முடியவில்லை, சோற்றைப் பிசைய முடியவில்லை, தலை வார முடியவில்லை. நாத்தனார் ஊட்டிவிட்டாள். "அண்ணி, வாயைத் திற. இத்தனை வருஷமா என் வாயைத்தானே மூடச் சொன்னே, இப்ப உன் வாயைத் திறக்கறதுக்கு நான் கெஞ்ச வேண்டியிருக்கு."

பசை சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தாள். "நான் என்ன பாவம் பண்ணினேன்?" என்று சுவரிடம் கேட்டாள்.

முன்னறையிலிருந்து தையல்காரர் பதில் சொன்னார். "நீ ஒரு பாவமும் பண்ணலை. மூடியைக் கழட்டினவன் பண்ணினான். தப்பு அவன்மேல இருக்க, நீ எதுக்கு உன் கணக்கைப் புரட்டிக்கிட்டு இருக்கே?"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் சரியான பேச்சு எல்லாம் வலிக்கு மருந்தாவதில்லை. மறுநாள் காலை அவரே வந்து அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். சிக்குப் பிடித்த முடியைப் பிரித்து வாரி, மூன்று புரியாக்கிப் பின்னினார். நூலைப் பல்லில் கடித்துப் பழகிய ஆள், ரிப்பனையும் பல்லில் கடித்துக்கொண்டார். பின்னல் தையல்காரர் பின்னல்தான். ஒரு மயிர் பிசகவில்லை.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"பாவாடைக்கு நாடா பின்னினவனுக்கு இது ஒரு பெரிய வித்தையா? ஆடாதே, கோணிக்கும்."

அன்று அவள் எழுந்து சன்னல் பக்கம் போனாள். பழக்கத்தில் கையைக் கூப்பப் பார்த்தாள். ஒரு பக்கம் கை, ஒரு பக்கம் பொதி. கூப்ப முடியவில்லை. என்ன கேட்பது என்றும் தெரியவில்லை. விரலைத் திருப்பிக் கொடு என்றா கேட்பது? கேட்க எதுவும் இல்லாமல் வாழ்க்கையில் முதல்முறையாகச் சும்மா நின்றாள். நின்றவளுக்குப் பின்கழுத்தில் அந்தப் பின்னல் கனமாக, இறுக்கமாக, சுகமாகத் தெரிந்தது. "தலை வாரிவிட ஆள் இருக்கு" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு, "மிச்சக் கை இருக்கு." பிறகு, கண்ணில் நீர் முட்ட, "அந்த நேரம் பார்த்துக் கரண்டை நிறுத்தினியே, நன்றி."

அப்படித்தான் அது தொடங்கியது. பகுத்தறிவு உள்ளவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். தையல்காரரும் சிரித்தார். ஆனால் தினமும் காலையில் நன்றி சொல்ல ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று ஆனபோது அவள் கண் வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கியதை அவரும் கவனித்தார். ஊட்டிவிடும்போது நாத்தனார் சோற்றை ஊதி ஆற வைப்பதை அவள் பார்த்தாள். புண்ணுக்குக் கட்டு மாற்றும் செவிலி, ஒட்டிக்கொண்ட துணியை உப்பு நீர் விட்டு நனைத்து நனைத்துப் பொறுமையாக எடுப்பதைப் பார்த்தாள். நேற்றுவரை இவையெல்லாம் நடந்துகொண்டுதான் இருந்தன, கேட்புப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தவளுக்குத் தெரியவில்லை. இடது கையால் கரண்டி பிடித்தாள். முதல் நாள் குழம்பு பாதி அடுப்புக்குப் போயிற்று. "அடுப்புக்கும் பசிக்குமில்ல" என்றாள் நாத்தனார். பசை சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான். ஒவ்வொரு நாளும் நன்றியின் கடைசி வரி மட்டும் மாறவில்லை. கரண்டை நிறுத்தினியே, நன்றி.

கட்டுப் பிரித்துப் புண் ஆறிய சமயத்தில் விசிலே நேரில் வந்தார். திங்கட்கிழமை ஆலையில் ஒரு நன்றிப் பிரார்த்தனைக்கு முதலாளி ஏற்பாடு செய்திருக்கிறாராம். எல்லா ஷிப்டும் வர வேண்டுமாம். "நீங்க முன்னால வந்து, கடவுள் உங்களைக் காப்பாத்தினதுக்கு நாலு வார்த்தை நன்றி சொல்லணும். முதலாளிக்கு ரொம்ப ஆசை. அப்புறம் இனிமே நீங்க நிக்க வேண்டாம். பெட்டிமேல சீட்டு ஒட்டுற இடத்துல உக்காந்த வேலை. அன்னைக்கே கொடுத்துடுவாங்க."

உட்கார்ந்த வேலை! மூன்று விரல்காரிக்கு இனி எந்த ஆலையில் அது கிடைக்கும்? விசில் தெரு திரும்பும் வரை பசை வாசலிலேயே நின்றாள்.

"வலையைக் கழட்டினவனே நன்றிக் கூட்டம் வைக்கிறான், பார்த்தியா" என்றார் தையல்காரர், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "வீட்டைக் கொளுத்தினவன் வந்து குளிர் காய்ஞ்சியான்னு கேக்கிற மாதிரி."

"கரண்டை அவர் நிறுத்தலைங்க. கடவுள் நிறுத்தினாரு. நான் அவருக்குத்தானே சொல்லப் போறேன்."

மிஷின் நின்றது. அவர் தலையைத் தூக்கினார். "கரண்டா? அன்னைக்குக் கரண்ட் எங்க போச்சு?"

"ஆலையே இருட்டாச்சுங்க."

"உங்க ஆலையும் நம்ம தெருவும் ஒரே லைன். அங்க போனா இங்கயும் போகும். எத்தனை தடவை கரண்ட் போய் நான் டீ குடிக்க உங்க கேட் பக்கம் வந்திருக்கேன்? அன்னைக்கு உனக்கு அடிபட்டதைச் சொல்ல உங்க ஆலை நெட்டை போன் பண்ணினப்போ நான் காலர் தச்சுக்கிட்டிருந்தேன். மிஷின் சத்தத்துல அவன் பேசுறது கேக்கலைன்னு நிறுத்தினேன். கரண்ட் இருந்துச்சு. அன்னைக்குப் பூரா இருந்துச்சு."

"இருந்துச்சு, அண்ணி" என்றாள் நாத்தனார் மெதுவாக. "நான் ஃபேனுக்குக் கீழதான் படுத்திருந்தேன்."

இதைச் சொன்னபோது தையல்காரருக்கு உள்ளூர ஒரு வெற்றி இருந்திருக்கும். ஆனால் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அது வடிந்துவிட்டது. ஒரு மனுஷி ஊன்றி நடந்த கம்பைத் தட்டிவிட்டவன் போல உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை அவள் சன்னல் பக்கம் நின்றாள். ஒரு வார்த்தை வரவில்லை. இத்தனை காலையும் யாருக்கு எதைச் சொன்னோம்? கோபம் கடவுள்மேலா, கணவன்மேலா, தன்மேலா என்று பிரிக்க முடியவில்லை. ஆனால் அவளிடம் ஒரு நல்ல புத்தி இருந்தது. கம்பு போனதும் விழுந்து அழாமல் தரையைக் காலால் தடவிப் பார்க்கிற புத்தி. விளக்கு அணைந்தது பொய்யில்லை. உருளை நின்றது பொய்யில்லை. கை இதோ இருக்கிறது. கரண்ட் போகவில்லை என்றால், யாரோ நிறுத்தியிருக்கிறார்கள்.

யார்?

அன்றைக்கு அவளுடைய பிரார்த்தனை அந்த ஒரு சொல்தான்.

சாப்பாட்டு இடைவேளையில் ஆலை வாசலில் போய் நின்றாள். பெட்டிகளைக் கட்டி அடுக்கும் நெட்டை வெளியே வந்தான். உயரமான ஆள். உயரத்துக்கு ஏற்ற தைரியம் கிடையாது. அவளைப் பார்த்ததும் திரும்பி உள்ளே போகப் பார்த்தான்.

"நில்லுடா. கதவுப் பக்கம்தானே உன் இடம். மெயின் சுவிட்ச் உன் தலைக்கு நேரா இருக்கு. அன்னைக்கு அதை இழுத்தது யாரு?"

"கரண்ட் போச்சுக்கா."

"கரண்ட் என் வீட்டுல இருந்துச்சு. யாரு?"

நெட்டை இரண்டு பக்கமும் பார்த்தான். "கூட்டுற அக்கா."

பசைக்கு முதலில் முகமே நினைவு வரவில்லை. ஆலையைக் கூட்டும் ஒரு பெண். ஒப்பந்தக்காரர் அனுப்பும் ஆள். அட்டைத் தூளைக் கூட்டிக்கொண்டு அவள் வரும்போது எல்லாரும் காலைத் தூக்கிக்கொள்வார்கள். முகத்தை யார் பார்த்தார்கள்?

"நீ கத்தினதும் துடைப்பத்தைப் போட்டுட்டு ஓடி வந்து மெயினைப் பிடிச்சு இழுத்துட்டா. குழாய்ல இருந்த பசையெல்லாம் அப்படியே இறுகிப் போச்சு. அன்னைக்கு வேலை பூரா கெட்டுச்சு. 'கூட்டுறவளுக்கு சுவிட்ச்ல என்ன வேலை'ன்னு விசில் அவளை அப்பவே வெளிய அனுப்பிட்டாரு. கரண்ட் போச்சுன்னு சொல்லணும்னு எங்களுக்கு உத்தரவு."

"ஏன்டா?"

"கரண்ட் போச்சுன்னா யாரு கேள்வி கேப்பா? ஒருத்தி மெயினை இழுத்தான்னா, மிஷின்ல இருக்கிற சிவப்புப் பொத்தான் என்னாச்சுன்னு கேப்பாங்கல்ல." அவன் தலையைக் குனிந்தான். "எனக்கும் பிள்ளைகுட்டி இருக்குக்கா."

"அவளுக்கு இல்லையா?"

அவள் இப்போது எங்கே வேலை செய்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொன்னான்.

ஓர் உணவகத்தின் பின்பக்கம். தண்ணீர் தேங்கிய சிமென்ட் தரை. கூட்டுற அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து கரி பிடித்த அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பசை தயங்கித் தயங்கிக் கிட்டே போனாள்.

"அக்கா, நன்றி சொல்ல வந்தேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. "சொல்லிட்டியா? சரி. அந்தச் சட்டியை இந்தப் பக்கம் தள்ளு."

பசை தள்ளினாள். "நீங்கதான்னு எனக்குத் தெரியாதுக்கா. கரண்ட் போச்சுன்னு சொன்னாங்க. நான் தினமும் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கிட்டிருந்தேன்."

"தினமுமா? நல்லது." அண்டா கிறீச்சிட்டது. "நான் அன்னைக்கே வேலை போய் வீட்டுக்குப் போனது அவருக்குத் தெரிஞ்சிருக்குமே. உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையா?"

இந்த ஒரு கேள்விக்கு எந்த வேதாந்தியாவது பதில் வைத்திருந்தால் கொண்டு வரட்டும். பசை சேலையைத் தூக்கிச் செருகி, ஈரத் தரையில் உட்கார்ந்து, தேய்த்துப் போட்ட பாத்திரங்களை இடது கையால் எடுத்து நீரில் அலசத் தொடங்கினாள். தட்டு ஒன்று நழுவி உருண்டு ஓடியது.

"ஏம்மா, உதவி பண்றேன்னு உடைச்சுத் தொலைக்காதே. இந்த வேலையும் போயிடும்."

"எப்படிக்கா அந்த நேரத்துல யோசிச்சீங்க?"

"யோசிச்சிருந்தா இழுத்திருப்பேனா? தொடக்கூடாதுன்னு அத்தனை தடவை சொல்லியிருக்காங்க. யோசிக்கலை. அதான் இழுத்தேன்."

பிறகு அந்தப் பெண் தேய்ப்பதை நிறுத்தினாள். "கையைக் காட்டு."

பசை வலது கையை நீட்டினாள். புதுத் தோல் சிவந்து பளபளத்தது.

"மிச்சம் மூணும் ஆடுதா?"

"ஆடுதுக்கா."

"ஆட்டு."

பசை கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் மடக்கி நீட்டினாள். கூட்டுற அக்கா அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். தான் செய்த ஒன்றைப் பார்ப்பவளின் பார்வை அது. அந்தக் கையைத் தொடப் போனவள், தன் கை கரியாக இருப்பதைக் கண்டு இழுத்துக்கொண்டாள்.

"போதும், போ. எனக்கு வேலை கிடக்கு" என்றாள், முகத்தைத் திருப்பி.

வீட்டில் அன்று பெரிய வாக்குவாதம். திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றாள் பசை. இத்தனை நாளும் நியாயம் பேசிய தையல்காரருக்கு முகம் வெளுத்தது.

"உக்காந்த வேலை போயிடும். நின்ன வேலையும் போயிடும். இந்தக் கையோட உன்னை எவன் வேலைக்கு வைப்பான்? இங்க பாரு, பேசாம போய்க் கடவுளுக்கு ஒரு நன்றியைச் சொல்லிட்டு வந்துடு."

நாத்தனார் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "அண்ணே! உனக்கே பக்தி வந்துடுச்சா?"

தையல்காரர் அவளை முறைத்தார். பிறகு அவருக்கே வெட்கம் வந்துவிட்டது. அஞ்சி அஞ்சிச் சாவதைப் பற்றி ஊருக்கெல்லாம் பேசிய வாய்! திங்கட்கிழமை காலை மனைவிக்குப் பின்னால் உட்கார்ந்து, வழக்கத்தைவிட இறுக்கமாகப் பின்னிவிட்டார். "கோணாமப் பேசு" என்றார்.

ஆலையில் இயந்திரங்களுக்கு நடுவே எல்லாரையும் நிறுத்தியிருந்தார்கள். முதலாளி வெள்ளை உடையில் வந்து, கருணையைப் பற்றி நெடுநேரம் பேசினார். மேலே ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான், நம் கையில் எதுவும் இல்லை என்றார். மூடி கழற்றப்பட்ட உருளைகள் அவருக்குப் பின்னாலேயே இருந்தன. பிறகு விசில் பசையை முன்னால் அழைத்தார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். முதலாளியும் மூடினார்.

சீட்டு ஒட்டும் மேசையும் அதன் பக்கத்தில் ஒரு நாற்காலியும் பசையின் கண்ணெதிரே தெரிந்தன. அவளும் கண்ணை மூடினாள். சன்னல் பக்கம் நிற்பதாக நினைத்துக்கொண்டாள்.

"ஆண்டவரே, எனக்கு அழகாப் பேச வராது. என் வீட்டுக்காரர் எனக்குத் தலை வாரிவிட்டாரு. அவருக்கு நன்றி."

"அப்படியே ஆகட்டும்" என்றது கூட்டம், பழக்கத்தில்.

"என் நாத்தனார் ஊட்டிவிட்டா. அவ வாய்க்கும் சேர்த்து நன்றி."

"அப்படியே ஆகட்டும்." யாரோ சிரித்தார்கள்.

"ஆண்டவரே, இத்தனை நாளா நான் ஆள் மாறி நன்றி சொல்லிட்டேன். கரண்ட் போச்சுன்னு சொன்னதை நம்பி, அதை நீங்க செஞ்சதாச் சொன்னேன். உங்களுக்கே கூச்சமா இருந்திருக்கும். கரண்ட் போகலை. கூட்டுற அக்கா மெயினை இழுத்தாங்க. சிவப்புப் பொத்தான் வேலை செய்யலை, அதனால இழுத்தாங்க. என் கை அவங்க கொடுத்த கை. அவங்களுக்கு நன்றி."

இந்த முறை குரல் உடனே வரவில்லை. விசில் இருமினார். ஆனால் இருமத்தான் முடியும். முதலாளியே கண்ணை மூடிக் கைகூப்பி நிற்கும்போது, நடுவில் புகுந்து நிறுத்த அவருக்கு ஏது வாய்? நிர்வாகம் மதத்தை ஆலைக்குள் கொண்டுவந்தது தொழிலாளியின் வாயை அடைக்க. அதே மதம் அன்று நிர்வாகத்தின் வாயை அடைத்து நின்றது.

பின்வரிசையிலிருந்து ஒரு நடுங்கும் குரல் உரக்க வந்தது. "அப்படியே ஆகட்டும்." நெட்டை. பிறகு பலர்.

"அதுக்காக அவங்களை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. அனுப்பினவங்க மனசு மாறட்டும். அவங்க திரும்ப வரட்டும்."

"அப்படியே ஆகட்டும்!"

"அந்தக் கம்பிவலை மூலையில கிடக்கு. அது இன்னைக்கே மிஷின்ல ஏறட்டும். என் இடத்துல இப்ப நிக்கிற பொண்ணுக்குப் பத்து விரலும் இருக்கு. அது பத்தும் இருக்கட்டும்."

"அப்படியே ஆகட்டும்!" ஆலையின் தகரக் கூரை அதிர்ந்தது. அவள் இடத்தில் இப்போது நிற்கும் பெண் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு அழுதாள்.

அற்புதம் எதுவும் நடக்கவில்லை. முதலாளி யாரையும் பார்க்காமல் அறைக்குள் போய்விட்டார். ஆனால் விசில் ஊதியபோது உருளைகளின் பக்கம் யாரும் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். "வலை வரட்டும்" என்றார்கள், அவ்வளவுதான். யாரும் சத்தம் போடவில்லை. மதியத்துக்குள் வலை வந்தது. தூசியைத் துடைத்து மாட்டினார்கள். கட்டியிருந்த கம்பியை அறுத்துச் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பார்த்தார்கள். இயந்திரம் நின்றது.

கூட்டுற அக்காவைத் திரும்ப அழைக்க இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது. ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும், விசில் உற்பத்தி பெருகட்டும் என்றதும், யாராவது ஒருவர் பின்னாலிருந்து "கூட்டுற அக்கா திரும்ப வரட்டும்" என்பார்கள். "அப்படியே ஆகட்டும்" என்று கூரை அதிரும். கடைசியில் அழைத்தார்கள். அவள் சும்மா வரவில்லை. ஆபத்தென்றால் மெயினை யாரும் இழுக்கலாம், கூட்டுகிறவளும் இழுக்கலாம் என்று எல்லார் முன்னாலும் சொன்னால்தான் வருவேன் என்றாள். விசில் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எல்லாரும் போட்டி போட்டார்கள்.

உட்கார்ந்த வேலை பசைக்குக் கிடைக்கவில்லை. அது முதலாளியின் உறவுக்காரப் பெண்ணுக்குப் போனது. பசை இப்போது நின்றுகொண்டே இடது கையால் பெட்டிகளை அடுக்குகிறாள். நாற்காலிக்காக நெட்டையும் மற்றவர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். காலையில் சன்னல் பக்கம் நிற்பதை அவள் விடவில்லை. தையல்காரர் இன்னமும் கடவுளை நம்பவில்லை. அவளுடைய நன்றியை நம்புகிறார். அதில் வரும் ஆட்களை அவருக்குத் தெரியும். இடைவேளையில் கூட்டுற அக்கா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மூணும் ஆடுதா?" என்று கேட்பாள். "ஆடுதுக்கா." "அப்போ அந்த டீயை இந்தப் பக்கம் எடு."

மேலே யாராவது கேட்கிறாரா என்பதை அவரவர் தீர்மானித்துக்கொள்ளுங்கள். கீழே கேட்க ஆள் உண்டு, அந்த ஆள் நீங்களாக இருக்க முடியும். நாளை வேலைக்குப் போனதும் உங்கள் இடத்து இயந்திரத்தைப் பாருங்கள். அதன் மூடி இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா, மூலையில் சாய்ந்து கிடக்கிறதா? நிறுத்தும் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் அதற்கு முன்னால் யாரையும் கை நீட்ட விடாதீர்கள். பக்கத்தில் இருப்பவர்களைக் கூப்பிடுங்கள். நாலு பேராகப் போய், சரி செய்யச் சொல்லுங்கள்.